ஹாட்கோர் இசையும் வீட்டுக் கணினியும்: உற்பத்திச் சாதனம், உருவம், உழைப்பு பற்றிய சில குறிப்புகள்

கலை இலக்கிய உருவங்களின் மாற்றத்தை அவற்றின் உற்பத்திச் சாதனங்களோடு தொடர்புபடுத்தி நோக்கும் முறைமை தமிழியல் ஆய்வுக்குப் புதியதன்று. ஏட்டுச் சுவடி அச்சுப் புத்தகமான காலை வாசகன் என்பானின் சமூக நிலையில் ஏற்பட்ட மாற்றம், தமிழில் உரைநடை பெற்ற வளர்ச்சி, நாவலுக்கும் பத்திரிகைக்குமிடையிலான உறவு ஆகியன ஓரளவு விரிவாகவே ஆராயப்பட்டுள்ளன. ஆயின் 20ஆம் நூற்றாண்டின் கடைசி இரு தசாப்தங்களில், கணினி முதன்முறையாகச் சாதாரண குடும்பங்களின் வீட்டினுள் புகுந்த வேளையில் இசையாக்கத்துக்கு நேர்ந்தது யாது என்பது நம்மிடையே அதிகம் பேசப்படவில்லை. இது இசைவாணர்க்கு மாத்திரம் உரிய பிரச்சினையன்று. உற்பத்திச் சாதனம் உழைப்போர் கைக்கு வந்துவிடின் பண்பாட்டு உற்பத்தியின் உறவுகளும் தாமாகவே மாறிவிடுமா என்ற பழைய வினா இங்கு புதிய வடிவிலே எழுகின்றது. இவ்வினாவை, 'ஹாட்கோர்' எனப்படும் இசைவகையொன்றினையும் அது ஆக்கப்பட்ட மலிவான மென்பொருள்களையும் ஆதாரமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவின் கோட்பாட்டுப் பின்னணி நன்கறியப்பட்டது. வால்டர் பெஞ்சமின் 1934இல், எழுத்தாளனை உற்பத்தியாளனாகக் கொண்டு ஆராய்ந்தபோது, முற்போக்கான கருத்துகளைப் பழைய உற்பத்தி அமைப்புக்கு வழங்கிக்கொண்டிருப்பது போதாது, அவ்வமைப்பையே மாற்றியமைப்பவனே முற்போக்காளன் என வாதிட்டார். வானொலி ஒருவழிப் பாதையாக இருத்தலாகாது, கேட்போனும் பேசுதல் வேண்டுமென பிரெக்ற் அதற்குச் சற்று முன்னரே கூறியிருந்தார். 1941இல் வெகுசன இசைபற்றி எழுதிய அடோர்னோவோ, அச்சில் வார்த்தெடுக்கப்பட்ட ஒரேவகைப் பண்டமே அங்கு சந்தைக்கு வருகின்றதெனவும், கேட்போனின் சுயதெரிவு என்பது வெறும் தோற்றமேயெனவும் கண்டார். இம்மூவரும் மனங்கொண்டிருந்த இசைக்கூடமும் வானொலி நிலையமும் பெருமூலதனத்தை வேண்டி நின்றவை. பத்தொன்பது வயது இளைஞனொருவன் தன் படுக்கையறையிலே ஒரு முழு இசைத்தட்டுக்கு வேண்டிய யாவற்றையும் செய்து முடிக்கும் நிலையை அவர்கள் காணவில்லை.

ஹாட்கோர் என்பதனைச் சுருக்கமாக அறிமுகஞ் செய்துவிடலாம். 1980களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் சிக்காகோ, டிட்றொயிற் நகரங்களில் கறுப்பின இளைஞர் வளர்த்தெடுத்த இயந்திர நடன இசை ஐரோப்பாவை அடைந்ததும் வேகமும் வன்மையும் கூடியது. 1990இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட்டில் மார்க் அக்கார்டிப்பானே 'மெஸ்கலினம் யுனைற்றட்' என்ற பெயரில் ஆக்கிய 'வீ ஹாவ் அரைவ்ட்' இவ்வகையின் முன்னோடியாகப் பலராலும் கொள்ளப்படுகின்றது. 1992இல் துறைமுகத் தொழிலாளர் நகரமான றொட்டர்டாமில் போல் எல்ஸ்ராக் 'றொட்டர்டாம் றெக்கோர்ட்ஸ்' என்ற வெளியீட்டகத்தை நிறுவினார். அங்கு இவ்விசை 'கபர்' எனப் பெயர் பெற்றது. நண்பன் என்ற பொருள்படும் இச்சொல், யூதர்தம் யித்திஷ் மொழியிலிருந்து ஒல்லாந்தின் தெருமொழிக்கு வந்ததாகும். இங்கிலாந்திலோ அதே காலப்பகுதியில், பழைய இசைத்தட்டுகளிலிருந்து எடுக்கப்பட்ட பறைத் துண்டுகளை விரைவுபடுத்தி அடுக்கும் வேறொரு கிளை வளர்ந்தது. பின்னர் 'ஜங்கிள்' என்ற இசை அதிலிருந்தே பிறந்தது. இவ்விசை செவிக்கு இனியதன்று. இக்கட்டுரையாளர் அதனை இனியதென நிறுவவும் முன்வரவில்லை.

இனி, கருவி. 1987இல் கொமடோர் கொம்பனி 'அமிகா 500' என்ற கணினியைச் சந்தைப்படுத்தியது. விளையாட்டுச் சாதனமாகவே பெரும்பாலான பெற்றோர் இதனைத் தம் பிள்ளைகட்கு வாங்கிக் கொடுத்தனர். எனினும் அதனுள் இருந்த 'போலா' எனும் சில்லு, பதிவுசெய்யப்பட்ட ஒலித்துண்டுகள் நான்கினை ஒரே வேளையில் ஒலிக்கவல்லதாயிருந்தது. அதே ஆண்டில் கார்ஸ்ரன் ஒபார்ஸ்கி என்னும் ஜேர்மனியர் இச்சில்லைப் பயன்படுத்தி இசையமைப்பதற்கென 'அல்ரிமேற் சவுண்ட்ராக்கர்' என்ற மென்பொருளை எழுதினார். அது விற்பனைக்கு விடப்பட்டது. வணிக வெற்றி பெறவில்லை. ஆனால் வட ஐரோப்பாவின் கணினி இளைஞர் அதனைப் பிரித்தாராய்ந்து, பிழை திருத்தி, புதிய வசதிகளைச் சேர்த்து, கைக்குக் கைமாறும் தட்டுகளில் இலவசமாகப் பரப்பினர். 1989இல் சுவீடனிலிருந்து 'நொய்ஸ்ராக்கர்', அடுத்த ஆண்டில் நோர்வேயிலிருந்து 'புரோராக்கர்' என்றவாறு ஒரு வழித்தோன்றல் வரிசையே உருவாயிற்று. பின்லாந்தின் தெய்யோ கின்னுனன் தனித்து எழுதிய 'ஒக்ராமெட்', நான்கு ஒலிவழிகளை எட்டாக்கியது. பிரித்தானியாவில் அதன் பதிப்புகள் கணினிச் சஞ்சிகைகளோடு இணைப்பாக வந்த தட்டுகளிலும் கிடைத்தன. சட்டப்படி இதில் ஒரு பகுதி திருட்டு. சமூக உற்பத்தி என்ற நோக்கிலோ, பெயரறியாத பலரின் கூட்டுழைப்பால் ஒரு கருவி படிப்படியாகச் செப்பமுற்ற வரலாறு இது.

இம்மென்பொருள்களில் இசை எழுதப்படும் முறையைச் சற்று விளக்குதல் வேண்டும். மேனாட்டு இசைக்குறியீடு இடமிருந்து வலமாகச் செல்வது. ராக்கரிலோ இசை மேலிருந்து கீழாக எழுதப்பட்ட ஓர் அட்டவணை. நான்கு ஒலிவழிகளுக்கு நான்கு நிரல்கள். ஒரு பக்கத்துக்கு 64 நிரைகள். ஒவ்வொரு கட்டத்திலும் எச்சுரம், எந்த ஒலித்துண்டு, அதன்மீது எச்செயல் என்பன எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கப்படும். ஒலிக்கத் தொடங்கியதும் அட்டவணை திரையில் மேல்நோக்கி ஓடும். விசைப்பலகையிலே தட்டெழுதத் தெரிந்தால் போதும். பியானோப் பயிற்சியோ இசைக்குறியீட்டு அறிவோ வேண்டுவதில்லை. மத்தியதர வர்க்கத்துப் பிள்ளைகட்கு மாத்திரம் வாய்த்திருந்த இசைக்கல்வி இங்கே தேவையற்றதாயிற்று என்பதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. கற்பது எளிதாயிருந்ததெனவும் கொள்ளலாகாது. கட்டளை எண்களை மனனஞ் செய்து, பதினாறின் அடியில் எண்ணப் பழகி, இரவிரவாகச் செய்யும் நுணுக்கமான உழைப்பு அது.

கருவியின் பௌதிக இயல்பு இசையின் உருவத்துள் எவ்வாறு புகுந்தது என்பதற்கு வேகம் நல்லதோர் எடுத்துக்காட்டு. ஐரோப்பியத் தொலைக்காட்சி செக்கனுக்கு 50 முறை படத்தைப் புதுப்பிப்பது. மின்வழங்கலின் 50 சுற்றுகளை அடியொற்றியே அவ்வெண் அமைந்தது. தொலைக்காட்சியோடு இணைக்கப்படும் அமிகாவும் அதே கணக்கில் இயங்கியது. தொடக்ககால ராக்கர்கள் இந்தத் துடிப்பையே கடிகாரமாகக் கொண்டன. ஒரு நிரைக்கு ஆறு துடிப்பு என்பது இயல்பான அளவு. நான்கு நிரைகள் ஓர் அடியெனக் கொள்ளின் நிமிடத்துக்கு 125 அடிகள் வரும். ஆறினை ஐந்தாகக் குறைத்தால் 150; நான்காகக் குறைத்தால் 187.5. அக்காலத்து நடன இசையின் சாதாரண வேகம், ஆங்கில ஹாட்கோரின் வேகம், கபரின் வேகம் ஆகிய மூன்றும் இக்கணக்குக்கு அண்மையில் நிற்பதைக் காணலாம். இதனைக் கொண்டு மின்சார நிலையமே ஹாட்கோரைப் படைத்தது எனக் கூறின் அது கொச்சைப் பொருள்முதல்வாதமாகும். அவ்வேகங்களை மனிதர் வேறு காரணங்களால் நாடினர். பறை இயந்திரங்களைக் கொண்டு ஏலவே அவற்றை எட்டியுமிருந்தனர். ஆனால் நாடிய வேகம் ஓர் எண்ணை மாற்றும் தூரத்திலேயே கிடைத்தது என்பதும் உண்மை.

நினைவகக் கணக்கு இன்னும் சுவையானது. அமிகா 500இன் அடிப்படை நினைவகம் 512 கிலோபைட். ஏழு செக்கன் நீளமுள்ள ஒரு பறைத் துண்டினைச் செக்கனுக்கு 16,000 அளவீடுகள் வீதம் பதிந்தால் 1,12,000 பைட், அதாவது மொத்த நினைவகத்தின் ஐந்திலொரு பங்கு, செலவாகிவிடும். இதனால் நிமிடத்துக்கு 33 சுற்று ஓடவேண்டிய இசைத்தட்டினை 45 சுற்றில் ஓடவிட்டுப் பதியும் உத்தி பரவியது. ஏழு செக்கன் ஐந்தாகச் சுருங்கும். பின்னர் மென்பொருளில் சுருதியை இறக்கிக்கொள்ளலாம். அமிகாவில் சுருதியும் வேகமும் பிரிக்கமுடியாதன. துண்டினை விரைவுபடுத்தினால் அதன் சுருதியும் ஏறும். 1991, 1992 காலத்து ஆங்கில ஹாட்கோரில் பாடகரின் குரல் குழந்தைக் குரல்போல் கீச்சிடுவதற்கு இத்தகைய பிணைப்பே காரணம். தொடக்கத்தில் இது குறைபாடு. சிறிது காலத்தில் கேட்போர் எதிர்பார்க்கும் அழகியற் பண்பு. மேலும், ஒலியின் உயரத்தை 256 படிகளில் மாத்திரமே குறிக்கவல்ல எட்டு-பிற் பதிவிலே பறையொலியை எல்லை கடந்து உயர்த்தினால் அலையின் உச்சியும் அடியும் வெட்டுண்டு, ஒலி தட்டையாகிக் கரகரக்கும். பொறியியலாளர் தவிர்க்கும் இச்சிதைவே ஹாட்கோரின் தனி முத்திரையாகும். உருவம்–உள்ளடக்கம் பற்றிய நமது விமர்சன விவாதங்களில் மூன்றாவதாகக் கருவியையும் சேர்த்துப் பேசவேண்டிய அவசியம் இதனால் புலனாகும்.

இவ்விசையின் சமூகத் தளத்தை அறிய, ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள ஒரு நகரம் பெரிதும் உதவும். அவுஸ்திரேலியாவின் நியூகாசில் நிலக்கரியாலும் உருக்காலும் வளர்ந்த நகரம். பீ.எச்.பி. கொம்பனியின் உருக்காலை அங்கு 1915இல் தொடங்கிற்று. 1980களின் முற்பகுதியில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். 1997இல் மூடல் அறிவிக்கப்பட்டது. 1999 செப்டெம்பரில் ஆலை உருக்கு வார்ப்பதை நிறுத்தியது. தந்தையரின் தொழில் மைந்தர்க்கில்லை என்பது தெளிவாகிவிட்ட இந்த இடைக்காலத்தில், 1992இல், மூன்று இளைஞர் 'நாசன்புளூற்றன்' என்ற குழுவை அமைத்தனர். ஜேர்மன் மொழியில் மூக்கிலிருந்து குருதி வடிதல் என்பது இதன் பொருள். அவர்களுடைய கருவி அமிகாவும் ராக்கரும். குழுவினருள் ஒருவரான மார்க் நியூலன்ட்ஸ் 1994இல் தொடங்கிய 'பிளடி பிஸ்ற்' என்ற வெளியீட்டகம் 2004 வரை இயங்கியது.

நாசன்புளூற்றனின் ஆக்கங்களைக் கேட்போர்க்கு முதலில் உறைப்பது அவற்றின் வறுமையாகும். நான்கு ஒலிவழிகளும் எட்டு-பிற் கரகரப்பும் மறைக்கப்படவில்லை, மாறாக முன்னிறுத்தப்படுகின்றன. பெரிய இசைக்கூடங்களின் பளபளப்பான ஒலிக்கு எதிரானதொரு நிலைப்பாடாகவே மலிவு இங்கு கையாளப்படுகின்றது. உருக்காலையின் பேரொலியே இவ்விசையில் கேட்கின்றதென எளிதாகக் கூறிவிடலாம். அவ்வாறான நேரடிப் பிரதிபலிப்புக் கோட்பாடு நமக்கு இலக்கியத்திலும் பயன்படவில்லை. இசையில் நிச்சயம் பயன்படாது. கவனிக்கவேண்டியது வேறு. திறன்மிக்க கையுழைப்புக்கு மதிப்பளித்த ஒரு நகரில், அவ்வுழைப்புக்கு இடமில்லாமற் போனதொரு தலைமுறை, யாரும் கூலி கொடாத ஒரு வேலையிலே தன் திறனை முழுவதுஞ் செலுத்தியது. இதனைப் பொழுதுபோக்கு என்பதா, உழைப்பு என்பதா? ஒருவகையில் இது இரண்டுமாகும். அடோர்னோ கண்ட செயலற்ற நுகர்வோன் இங்கில்லை என்பதையேனும் ஏற்றல் வேண்டும்.

ஆயின் ஆக்கம் வேறு, சுற்றோட்டம் வேறு. கணினியிலே ஆக்கியது நடன மண்டபத்தை அடைவதற்கு அக்காலத்தில் வினைல் இசைத்தட்டாக வேண்டும். தட்டழுத்தும் ஆலை, விநியோகத்தர், கடை என்ற சங்கிலி இளைஞர் கையில் இல்லை. சில நூறு பிரதிகளைப் பெயரற்ற வெள்ளை உறையில் அழுத்தித் தாமே கடைகளிற் கொடுத்தும், இலண்டனில் அனுமதியற்ற வானொலிகளை உயர்மாடிக் குடியிருப்புகளின் கூரைகளிலிருந்து நடத்தியும் இத்தடை ஓரளவு கடக்கப்பட்டது. 1992இல் வந்த 'சம் ஜஸ்டிஸ்' என்ற ஆக்கம் இரண்டு அமிகாக்களைக் கொண்டு செய்யப்பட்டது; பிரித்தானியாவின் விற்பனை வரிசையிலும் அது இடம்பெற்றது. ஆனால் அந்த மே மாதத்தில் காசில்மோட்டன் வெளியில் பல்லாயிரவர் நாட்கணக்கிற் கூடியாடியதும் அரசு விழித்துக்கொண்டது. 1994இன் குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டம், மீண்டும் மீண்டும் வரும் தாளத்தை இயல்பாகக் கொண்ட ஒலிகளை வரைவிலக்கணத்துள் அடக்கி, இரவில் திறந்த வெளியில் நூறு பேர் அதற்குக் கூடுவதைக் கலைக்கும் அதிகாரத்தைப் பொலிசாருக்கு வழங்கிற்று. அதே சட்டம் நாடோடி மக்களையும் எதிர்ப்பியக்கத்தவரையும் தாக்கியது தற்செயலன்று. படுக்கையறையில் எதனையும் ஆக்கலாம். கூட்டாகச் சேர்ந்து கேட்பதே குற்றமாகும் இடம் வந்தது. முதலாளித்துவ அரசு எதற்கு அஞ்சியதென்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

கருவி தன்னளவில் எக்கருத்துநிலையையும் கொண்டதன்று என்பதற்கும் இவ்விசையே சான்றாகும். ஒல்லாந்தில் கபர் இரசிகரின் மழித்த தலையைக் கண்டு தீவிர வலதுசாரிகள் அவர்களிடையே ஆள்பிடிக்க முயன்றனர். இனவாதத்துக்கும் பாசிசத்துக்கும் எதிரான வாசகங்களைத் தட்டுகளிற் பொறித்து வெளியீட்டாளர் சிலர் இதனை எதிர்த்தனர். ஜேர்மனியிலே குடிவரவாளர்மீதான தாக்குதல்கள் பெருகிய 1992இல், அலெக் எம்பயர் முதலானோர் பேர்லினில் 'அட்டாரி ரீனேஜ் றயற்' குழுவை அமைத்து, இன்னொரு மலிவான வீட்டுக் கணினியான அட்டாரியின் துணையோடு நாசி எதிர்ப்பினை வெளிப்படையாக முழங்கினர். ஒரே வேகம், ஒரே சிதைவொலி, அரசியல் வேறு. வடிவத்தைக் கொண்டு மாத்திரம் முற்போக்கினை அளக்க முனைவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும்.

இதுவரை கூறியவற்றால், உற்பத்திச் சாதனம் கைக்கு வந்தபின்பும் சுற்றோட்டமும் அரசும் எஞ்சி நின்றமை பெறப்படும். ஆயின் எஞ்சிய பிரச்சினைகளுள் மிக ஆழமானது மூலப்பொருள் பற்றியதாகும். ராக்கர் ஒன்றினுள் இடப்படும் ஒலித்துண்டு எங்கிருந்து வருகின்றது? கணினி அதனைப் படைப்பதில்லை. யாரோ ஒருவர் எங்கோ ஒருநாள் தம் கையால் வாசித்தது அது.

ஆங்கில ஹாட்கோரும் ஜங்கிளும் வேறெதனையும்விட அதிகமாகப் பயன்படுத்திய துண்டு, வாஷிங்டன் நகரின் 'த வின்ஸ்ரன்ஸ்' குழு 1969இல் வெளியிட்ட 'ஏமென், பிரதர்' என்ற தட்டிலுள்ளது. தட்டின் மறுபக்கத்துப் பாடலே அன்று புகழ்பெற்றது. இது இடம் நிரப்பவென வந்த பக்கம். இடையில் ஏனைய வாத்தியங்கள் ஓய, கிரகரி கோல்மன் என்ற கறுப்பினக் கலைஞர் ஏறத்தாழ ஏழு செக்கன், நான்கு ஆவர்த்தனம், தனித்துப் பறை வாசிக்கின்றார். நியூயோர்க்கின் ஹிப்-ஹொப் இளைஞர்கள் முதலில் இதனைக் கண்டெடுத்தனர். பின்னர் இலண்டனிலும் நியூகாசிலிலும் ஆயிரக்கணக்கான ஆக்கங்களில் இது நறுக்கப்பட்டும் புரட்டப்பட்டும் விரைவாக்கப்பட்டும் இடம்பெற்றது. புரோராக்கரில், ஒலித்துண்டினை நடுவிலிருந்து தொடங்கி ஒலிக்கச்செய்யும் கட்டளை உண்டு. அதைக்கொண்டு கோல்மனின் ஒவ்வோர் அடியையும் தனித்தனியே பிரித்து, அவர் ஒருபோதும் வாசித்திராத தாளங்களை அவர் கையாலேயே வாசிக்கச் செய்யலாம்.

இந்த இடத்தில் முற்போக்கு விமர்சகன் தடுமாறவே செய்வான். பதிப்புரிமை என்பது பெருங்கொம்பனிகளின் சொத்துரிமை. அதனை மீறுவதில் விடுதலையின் கூறு உண்டு என நாம் இலகுவாகக் கூறிவிடுகின்றோம். மென்பொருளைப் பிரித்துத் திருத்திப் பரப்பிய இளைஞரின் செயலை மேலே கூட்டுழைப்பு எனவே குறித்தோம். அதே அளவுகோல் கோல்மனின் உழைப்புக்குப் பொருந்துமா? அங்கு எடுக்கப்பட்டது கொம்பனியின் மூலதனம் மாத்திரமன்று, ஒரு மனிதனின் உடலுழைப்பும் பயிற்சியும் கூட. இரண்டையும் ஒரே சொல்லால் குறிக்கமுடியாது என்பதே நமது முடிபு. சட்டமும் கோல்மனின் பக்கம் நிற்கவில்லை. ஆக்கவுரிமை குழுத்தலைவரான றிச்சட் ஸ்பென்சருடையது. பறை வாசித்தவர்க்கு அதிற் பங்கில்லை. ஸ்பென்சர் தானும் 1996 வரை இவ்வளவு பரந்த பயன்பாட்டை அறிந்திருக்கவில்லை. அறிந்த வேளை வழக்குத் தொடுக்கும் காலம் கடந்துவிட்டது. ஆக, சொத்துரிமையை மீறிய இளைஞரும், சொத்துரிமையைக் காக்கும் சட்டமும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டனர்: பறை அடித்தவன் இருதரப்பின் கணக்கிலும் இல்லை.

படுக்கையறை இளைஞர் இதனால் செல்வந்தராயினர் என எண்ணுவது தவறு. மிகப் பலர் தட்டழுத்திய செலவைக்கூட மீட்டிருக்கமாட்டார்கள். இலாபம், 1990களின் நடுப்பகுதியில் ஜங்கிள் இசை விளம்பரங்களுக்கும் பெரிய வெளியீட்டகங்களுக்கும் சென்றபோது, வேறிடத்திற் சேர்ந்தது. கொமடோர் கொம்பனி தானும் 1994 ஏப்ரலில் முறிந்தது. பின்வந்த மென்பொருள்கள், 1990களின் இறுதியில் பெல்ஜியத்திலிருந்து வந்த 'புருற்றிலூப்ஸ்', 2002இல் ராக்கர் மரபைத் தொடர்ந்த 'றெனொய்ஸ்' ஆகியன உட்பட, நான்கு ஒலிவழி, 512 கிலோபைட் என்ற எல்லைகளை அகற்றின. ஆயத்த ஒலித்துண்டுகள் தொகுதி தொகுதியாக விலைக்கு வரத்தொடங்கின. அவற்றை வாசித்தோர் யாவர், அவர்கட்கு எவ்வளவு கிடைத்தது என்பதனை வாங்குவோர் வினவுவது அரிது.

ராக்கர் கோப்பு ஒன்றில் 31 ஒலித்துண்டுகளுக்குப் பெயரிட 31 வரிகள் உண்டு. ஒவ்வொன்றிலும் 22 எழுத்துகள் எழுதலாம். அக்காலத்து இளைஞர் இவ்வரிகளைச் செய்தித்தாளாகவே பயன்படுத்தினர். நண்பருக்கு வாழ்த்து, எதிரணிக்கு வசை, தம் பெயர், ஊர், ஆக்கிய திகதி எனப் பலவற்றை அங்கு எழுதினர். பின்லாந்து 2020இலும் ஜேர்மனி 2021இலும் இக்கணினிக் கலை மரபைத் தம் தேசியப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியல்களிற் சேர்த்துள்ளமையால், இக்கோப்புகள் இனி ஆய்வாளர்க்கு ஆவணங்களாகும். அந்த வரிகளில் கோல்மனின் துண்டு 'ஏமென்' எனப் பாட்டின் பெயராலேயே அறியப்பட்டது. அவர் 2006இல் அற்லான்ராவில் வீடற்றவராக இறந்தார். 2015இல் பிரித்தானிய இசைத்தட்டாளர் இருவர் தொடங்கிய நிதிசேகரிப்பில் 24,000 பவுண் சேர்ந்தது. அது ஸ்பென்சரிடம் கையளிக்கப்பட்டது.